தேவாலயப் பாட்டும் கிராமத்துப் பெண்களும்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில், ஞாயிறு காலையில் ஒரு கிராமத் தேவாலயத்தின் வேலியோரமாகச் செல்லும் வழிப்போக்கர் முதலிற் கேட்பது மணியோசை. அடுத்துக் கேட்பது பெண்களின் பாட்டு. ஆண்களும் பாடுகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேலியைத் தாண்டி வீதிக்கு வருவது பெரும்பாலும் பெண்களின் குரலே. இது பழங்காலந்தொட்டு இருந்துவரும் வழக்கமென நம்முட் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதே ஊர்களில், குடும்பப் பெண் ஒருத்தி பலர் கேட்கப் பாடுவது மானக்கேடு எனக் கருதப்பட்டது. மானக்கேடாயிருந்தது எவ்வாறு வழிபாடாயிற்று, அதற்கு வழிசமைத்தோர் யாவர் என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய விரும்புகின்றேன்.

பாடற்குழு என்றதும், நீண்ட வெள்ளையங்கி தரித்து, இசைப் புத்தகத்தைக் கையிலேந்தி, நால்வகைக் குரல்களாகப் பிரிந்து நின்று பாடுவோரின் காட்சி சிலருடைய நினைவுக்கு வரக்கூடும். நகரத்துப் பெரிய ஆலயங்களில் அத்தகைய குழுக்கள் உண்டு. கிராமத்துக் குழு வேறு. நான் சிறுபிள்ளையாய் இருந்த காலத்தில் எங்கள் ஊர்த் தேவாலயத்திற் கண்ட குழுவில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தனர். அங்கி இல்லை, தனியிடமும் இல்லை. பெண்கள் பக்கத்து முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பர். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். ஏனையோர் வாங்கிப் பாடுவர். எடுத்துக் கொடுப்பவர் என்னுடைய அம்மம்மா. இசைக் குறியீடு ஒன்றேனும் அவருக்குத் தெரியாது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் சரணம் தவறாமல் மனப்பாடமாய் இருந்தன. சபைப் பதிவேடுகளை நான் பிற்காலத்திற் புரட்டிப் பார்த்ததுண்டு. போதகர்களின் பெயர்கள் உள்ளன. சபைக் குழுவினரின் பெயர்கள் உள்ளன. ஆர்மோனியப் பெட்டி வாங்கப் பணம் உதவியவரின் பெயரும் தொகையுடன் உள்ளது. பாடியவர்களின் பெயர் ஒன்றேனும் இல்லை. ஆகவே இந்த வரலாற்றை ஏடுகளிலிருந்து மாத்திரம் எழுதிவிட முடியாது. ஏடு பேசும் இடத்தில் ஏட்டையும், ஏடு வாய்மூடும் இடத்தில் பாட்டின் அமைப்பையும் வீட்டு நினைவையும் துணைக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

போத்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் ஊர்தோறும் கோயில்களைக் கட்டினர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்து அவற்றைத் தமது சீர்திருத்த சபைக்கு உரியனவாக்கினர். ஒல்லாந்தக் குருவாகிய பால்டேயஸ் 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களின் கோயில்களையும் பாடசாலைகளையும் பற்றிய செய்திகள் உள. ஒல்லாந்த சபையின் வழிபாட்டில் வேதாகமத்துச் சங்கீதங்களை ஒரே குரலாகப் பாடுதல் வழக்கம். முன்னின்று பாட்டெடுப்பவர் ஓர் ஆண்மகன். கிராமங்களிற் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரே செபத்தையும் பிரசங்கத்தையும் வாசித்தார். பெண்கள் வந்திருந்தனர், கேட்டிருந்தனர் என்பதற்கு மேல் அக்காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் வந்தபோது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை பாழடைந்து கிடந்த இப்பழைய கட்டடங்களே. அவற்றைச் செப்பனிட்டுப் பாடசாலைகளைத் தொடங்கினர். ஆண்பிள்ளைகள் வந்தனர், பெண்பிள்ளைகள் வரவில்லை. படிப்பதும் பாடுவதும் கோயில்களில் ஆடிப்பாடும் மகளிர்க்கே உரியவை என்றும், குடும்பப் பெண்ணுக்கு அவை ஆகா என்றும் பெற்றோர் கூறினர். இக்கூற்றில் இரட்டை அநீதி இருந்ததை நாம் கவனித்தல் வேண்டும். இசையையும் எழுத்தையும் பேணிய ஒரு பெண்குலத்தை அது இழிவுபடுத்தியது. அந்த இழிவைக் காட்டி, ஏனைய பெண்கள் யாவரையும் இசையிலிருந்தும் எழுத்திலிருந்தும் விலக்கி வைத்தது. எழுத்தின் தடையும் பாட்டின் தடையும் ஒரே கயிற்றின் இரு புரிகள். ஆதலால் ஒன்று அறுந்தபோது மற்றதும் அறுந்தது.

அறுந்த இடம் உடுவில். அங்கே 1824ஆம் ஆண்டில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். ஆசியாவிலே பெண்பிள்ளைகளுக்கென எழுந்த விடுதிப் பாடசாலைகளுள் இது மிகப் பழையனவற்றுள் ஒன்றாகும். அதன் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகின்றது. மிஷன் வீட்டுக்குப் பகலில் வந்து கற்றுக்கொண்டிருந்த இரு சிறுமியர், ஒருநாட் பெருமழையால் வீடு திரும்ப முடியாது அங்கேயே தங்க நேர்ந்ததாம். மிஷன் வீட்டு உணவை உண்ணலாகாது என்று முதலில் மறுத்தவர்கள், பசி மிகவே உண்டனராம். அவ்வொரு வேளை உணவோடு ஊர்க்கட்டு தளர்ந்தது என்பர். கதை எவ்வாறிருப்பினும், ஒன்றை நாம் எளிதில் ஊகிக்கலாம். அந்த விடுதியிற் காலையும் மாலையும் செபவேளை உண்டு. பாட்டில்லாத செபவேளை அமெரிக்க மிஷனரிமாரின் வழக்கத்தில் இல்லை. வீட்டில் ஒருமுறையேனும் வாய்விட்டுப் பாடத்தகாத பிள்ளை, விடுதியில் நாளுக்கு இருமுறை பாடினாள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடற்குழுவின் முதல் வித்து அதுவே.

வின்ஸ்லோ அம்மையார் 1833ஆம் ஆண்டில் மறைந்தார். ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைப் பொறுப்பேற்றனர். 1840ஆம் ஆண்டில் எலைசா அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்தார். தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்து, 1883ஆம் ஆண்டில் மானிப்பாயில் உயிர்நீத்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினரும் அவரிடங் கற்ற குடும்பங்கள் இருந்தன. ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என அவரை அழைத்தனர். இங்கே நமது பொருளுக்கு முக்கியமானது அவ்வாயிரம் புதல்வியர் பின்னர் எங்கே சென்றனர் என்பதே. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற வாலிபர்களுக்கு இவர்களை மணஞ்செய்து கொடுப்பது மிஷனின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. அவ்வாலிபர்கள் போதகர்களாகவும், உபதேசிமாராகவும், ஆசிரியர்களாகவும் ஊரூராகச் சென்றனர். அவர்களோடு உடுவிற் பெண்களும் சென்றனர். சங்கானை, சாவகச்சேரி, அளவெட்டி என எந்த ஊர் ஆயினும், போதகர் வீட்டு விறாந்தையில் முதலிற் பாட்டெடுத்தவர் போதகரின் மனைவியே. அவரைச் சுற்றி அமர்ந்த அயல்வீட்டுப் பெண்கள் நால்வரோ ஐவரோ அவ்வூரின் முதற் பாடற்குழு ஆயினர்.

இனி, அவர்கள் எதைப் பாடினர் என்று பார்ப்போம். இங்கேதான் சிறிது நின்று ஆராய வேண்டியிருக்கின்றது.

மிஷனரிமார் கொண்டுவந்தவை தம் நாட்டு மெட்டுக்கள். அம்மெட்டுக்களுக்கேற்பத் தமிழிற் சொற்களை அமைத்து ஞானப்பாட்டுக்களாகத் தந்தனர். நோக்கம் நல்லதே, ஆனால் மொழி இடங்கொடுக்கவில்லை. ஆங்கிலப் பாட்டின் நடை, அசைகளுள் எதை அழுத்தி உச்சரிப்பது என்பதைப் பொறுத்தது. தமிழ்ப் பாட்டின் நடையோ குறில் நெடில் என்னும் மாத்திரையைப் பொறுத்தது. குறிலெழுத்து ஒன்று மெட்டில் நீண்ட சுரத்தின்மேல் வந்து விழுந்தால், அது நெடிலாக நீண்டுவிடும். பாடுபவர் ‘மலை’ என்று பாட, கேட்பவர் ‘மாலை’ என்று கேட்பார். ‘பலம்’ பாலமாகும், ‘கலை’ காலையாகும். அஃதன்றி, ஆங்கில மெட்டுக்களிற் பல அழுத்தமில்லாத அசையில் தொடங்கி அடுத்த அசையில் அழுத்தம் பெறுவன. தமிழ்ச் சொல்லின் வன்மையோ பெரும்பாலும் முதலசையில் உள்ளது. ஆகவே சொல்லுக்கும் மெட்டுக்கும் அடிக்கு அடி பிணக்கு. விடுதியில் ஆண்டுக்கணக்காகப் பழகிய பெண்களுக்கு இது பழகிப்போயிற்று. கிராமத்தில், எழுத்தறியாத ஓர் ஆச்சிக்கு அது தமிழாகவே தோன்றியிராது. மேலும் ஆறு, ஏழு கவிகள் கொண்ட பாட்டைப் புத்தகமின்றிப் பாட இயலாது. புத்தகம் இருந்தால் வாசிக்கத் தெரிதல் வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது கீர்த்தனை. தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த பெருங்கவிஞர், கிறிஸ்தவப் பொருளைக் கருநாடக இசையின் இராகத்திலும் தாளத்திலும் அமைத்துப் பாடினார். அவர் காலத்திலேயே இளைய மிஷனரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலினின்றும் விலக்க முனைந்தனர். அதனை எதிர்த்து அவர் முறையிட்டு எழுதினார். அம்முறைப்பாட்டில் சாதிப்பிரிவினையைக் காக்க வேண்டும் என்னும் பகுதியும் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. இசைபற்றி அவர் கூறியது நியாயமே. 1834ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மிஷனின் கிளையாக மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது. அம்மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வேட் வெப் என்பார் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்து, 1853ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை அச்சிட்டு வெளியிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குச் சென்றது மிஷன். மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது கீர்த்தனை. இவ்விரண்டினுள் எது பெரிய கொடை என்று என்னைக் கேட்டால், பதில் சொல்லச் சற்றுத் தயங்குவேன்.

கீர்த்தனையின் அமைப்பைப் பாருங்கள். பல்லவி முதலில் வரும், அநுபல்லவி தொடரும், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி மீண்டும் வரும். எடுத்துக் கொடுக்க ஒருவருக்குச் சரணங்கள் தெரிந்திருந்தாற் போதும். ஏனையோர் அவர் சொல்லும் அடியைத் திருப்பிச் சொல்லி, பல்லவியிற் கூடிக்கொள்ளலாம். வாசிக்கத் தெரியாதவளும் நாலாவது வாரத்திற் பாடகியாகிவிடுவாள். சங்கராபரணம், ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை முதலிய இராகங்கள் பெயர் தெரியாமலே ஊர்க்காதுக்குப் பழகியவை. தாலாட்டிலும், கூத்திலும், திருவிழா நாதசுரத்திலும் கேட்டவை. ஞானப்பாட்டு, கற்றவளை மாத்திரம் பாடவைத்தது. கீர்த்தனை கல்லாதவளையும் பாடவைத்தது. கிராமத்தில் மாதர் குழு வேரூன்றியதற்கு எத்தனையோ காரணம் கூறலாம். இந்தப் பல்லவியே முதற்காரணம் என்பது என் துணிபு.

தேவாலயத்திற் கற்ற கீர்த்தனை தேவாலயத்தில் நிற்கவில்லை. கிடுகு பின்னும்போதும், நெல்லுக் குற்றும்போதும், பிள்ளையை ஏணையில் இட்டு ஆட்டும்போதும் அம்மம்மா பாடிக்கொண்டிருப்பார். ஒத்திகை என்று தனியாக ஒன்று அவருடைய குழுவுக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. கிணற்றடியும் அடுக்களையுமே ஒத்திகைக் கூடம். வேதாகமப் பெண்கள் எனப்பட்டோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுவீடாகச் சென்றபோதும் பாட்டையே திறவுகோலாகக் கொண்டனர். பிரசங்கஞ் செய்ய வந்தவரை வாசலில் நிறுத்தும் வீட்டார், பாட வந்தவரைத் திண்ணையில் இருத்துவர். உள்ளே இருக்கும் பெண்கள் கதவுநிலை வரை வருவர். கேட்டவர் எல்லாரும் மதம் மாறினர் என்பதில்லை. மிகப் பெரும்பாலோர் மாறவில்லை. ஆயினும் குடும்பப் பெண்ணொருத்தி பாடுவதை அவர்கள் கேட்டனர். பாடுவது இழிவன்று என்னும் எண்ணம் கிறிஸ்தவர் அல்லாத இல்லங்களிலும் பரவியதற்கு, வேறு பல காரணங்களோடு இதுவும் ஒரு சிறு காரணமாய் இருந்திருத்தல் கூடும்.

எல்லாவற்றிலும் மேலாக, செத்தவீடு. இறந்தவரைச் சூழ்ந்திருந்து பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுவது நமது நாட்டின் பழவழக்கு. கிறிஸ்தவ வீடுகளில் அவ்விடத்தை மெல்ல மெல்லக் கீர்த்தனை பிடித்துக்கொண்டது. ஆண்கள் பந்தலிலே சுருட்டும் வெற்றிலையுமாக இருக்க, உள்ளே இரவு முழுதும் பெண்கள் பாடுவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குழுவினருக்கு அதிகாரம் எதுவுமில்லை. எந்தப் பாட்டு என்பதைப் போதகரே தீர்மானிப்பார். செத்தவீட்டில் தீர்மானிப்பவர் அவர்களே. இறந்தவர் விரும்பிய பாட்டு எது, எந்தச் சரணத்தைத் தாயின் முன்னிலையிற் பாடலாகாது, எப்போது நிறுத்தி மௌனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவு எந்த இசைக் கல்லூரியிலும் போதிக்கப்படுவதன்று.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்லிவிடுதல் வேண்டும். பாயிற் கூடி அமர்ந்த அப்பெண்களிடையேயும் சாதி இருந்தது. யார் முன்னால் அமர்வது, யார் எடுத்துக் கொடுப்பது என்பவை குரலின் இனிமையால் மாத்திரம் முடிவாகவில்லை. பின்வரிசையில் இருந்து, முன்வரிசையினரைவிட நன்றாகப் பாடிய ஒரு பெண்மணியை எனக்கு நினைவிருக்கின்றது. அவர் ஒருநாளும் முன்னே அழைக்கப்படவில்லை.

கத்தோலிக்கக் கிராமங்களின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. அங்கே தமிழிசை முன்னரே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து திரிந்து பணியாற்றிய குருமாருள் ஒருவராகிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், 1742ஆம் ஆண்டில் மறைந்தவர், தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்தில் ஊர்தோறும் வாசிக்கப்பட்டது. கிறிஸ்துநாதரின் பாடுகளைக் கேட்டுப் பெண்கள் புலம்பி அழுதனர். செபமாலையிலும், சுற்றுப்பிரகாரத்திலும், மாதா திருநாளிலும் அவர்கள் குரல் தாராளமாக ஒலித்தது. ஆனால் பூசையில் பாடற்குழுவின் இடம் அவர்களுக்கு உரியதன்று. 1903ஆம் ஆண்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளையில், பாடற்குழுவினர் உண்மையான வழிபாட்டுப் பணியை ஆற்றுவோர் ஆதலால் பெண்களை அதிற் சேர்த்தலாகாது என்றும், உயர்ந்த குரல் வேண்டுமாயின் சிறுவரைக் கொள்க என்றும் கூறப்பட்டது. 1955ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர், சிறுவர் குழு அமைக்க இயலாத இடங்களிற் பெண்களும் பீடமுற்றத்துக்கு வெளியே நின்று பாடலாம் என இளக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1967ஆம் ஆண்டின் திருவிசை அறிவுறுத்தலிலும் பெண்கள் மாத்திரமே கொண்ட குழுவும் இருக்கலாம் என்று கூறப்பட்டது. அதே காலத்திற் பூசையும் தமிழாயிற்று. ஆகவே இன்று கரையோரக் கிராமங்களிற் பூசைக்குப் பாடும் பெண்களின் உரிமை அவர்களுடைய பாட்டிமாருக்கு இருந்ததன்று. புரட்டஸ்தாந்துப் பெண்ணைத் தடுத்தது ஊர். அத்தடை மெல்லத் தேய்ந்தது. கத்தோலிக்கப் பெண்ணைத் தடுத்தது சட்டம். அது கட்டளைகளால் நீங்கியது.

மீண்டும் வலிகாமத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் ஆர்மோனியம் வந்தது. சுருதி பிசகாமல் இருக்க அது உதவியது. அதே வேளையில், கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய அசைவுகளை விழுங்கியும் விட்டது. ஆர்மோனியம் வாசித்தவர் பெரும்பாலும் ஆண் ஆசிரியர். அவர் தமக்கேற்ற சுருதியைப் பிடிப்பார். பெண்கள் ஒன்றில் அடித்தொண்டையில் முனகவேண்டும், அல்லது உச்சத்திற் கிறீச்சிட வேண்டும். அம்மம்மா அப்பெட்டியைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. 1939ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமம் தமிழிசை வழிபாட்டுக்குப் புதிய மதிப்பை அளித்தது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. அறிஞர் சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். யாழ்ப்பாணத்தவராகிய டி. ரி. நைல்ஸ் 1963ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட கிழக்காசியக் கிறிஸ்தவர் பாடல் நூலில் தமிழ் மெட்டுக்களும் இடம்பெற்று, பல நாட்டாரும் பாடும்படி ஆயின. கிணற்றடியிற் காலங்காலமாகப் பாடப்பட்டவற்றையொத்த மெட்டுக்கள் மேல்நாட்டுக் குறியீட்டில் அச்சேறியதை அம்மம்மா அறிந்திருந்தாரா என்று நான் கேட்டுவைக்கவில்லை.

இவற்றைவிடக் கிராமக் குழுக்களை நேராகத் தாக்கியது வேறொன்று. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் ஏற்றது. அரசாங்கப் பாடசாலையில் வாழ்நாள் முழுதும் கடமையாற்றிய எனக்கு அம்மாற்றத்தின் நன்மைகள் நன்கு தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசல் என்பது சிறிய காரியமன்று. ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. அதுவரை கிராமத்து மிஷன் பாடசாலை ஆசிரியையே மாதர் குழுவின் உயிர்நாடி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவர் பிள்ளைகளுக்குப் பழக்கியதே ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒலித்தது. பாடசாலையும் கோயிலும் வேறாகிய பின்னர், அவ்வாசிரியை இடமாற்றம் பெற்று எங்கோ சென்றார். குழு தன் காலில் நிற்க வேண்டியதாயிற்று. பல ஊர்களில் நிற்கவில்லை. நின்ற ஊர்களில், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்த பெண்பிள்ளைகளும், மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியிற் பயின்ற ஆசிரியைகளும் பின்னர் கைகொடுத்தனர். சைவ ஆசிரியை ஒருவர் எங்கள் ஊர்க் குழுவுக்கு ஆனந்தபைரவியைத் திருத்திக் கொடுத்ததை நானே கண்டிருக்கின்றேன். திருத்தியபின் அவர் வெளி விறாந்தையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னர் போர்க்காலம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் சிலர் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் தேவாலயத்திலும் பாய் விரித்து அமர்ந்தனர். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒரே கீர்த்தனையை இரு ஊர்ப் பெண்களும் ஒரே நேரத்தில் எடுத்தனர். இரண்டு மெட்டுக்கள் எழுந்தன. இராகம் ஒன்றுதான், ஆனால் அநுபல்லவி ஏறும் இடம் வேறு. ஐந்தாறு மைல் இடைவெளியில், நூறு ஆண்டுகளாக, ஒவ்வோர் ஊரும் தன் கீர்த்தனையைத் தன் வாய்க்கேற்ப வளர்த்து வந்திருக்கின்றது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எவர் மெட்டுச் சரியென்று இரு பகுதியாருக்கும் சிறு மனத்தாங்கலும் உண்டாயிற்று. முடிவில் ஒரு வாரம் அவர்கள் மெட்டு, ஒரு வாரம் எங்கள் மெட்டு என ஒழுங்கு செய்துகொண்டனர்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் நாங்களும் புறப்பட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடியடியாக நகர்ந்த சனத்திரளில், என் தாயார் சுமந்த பையில் இரண்டு சேலையும், காணி உறுதியும், அம்மம்மாவின் பாட்டுக் கொப்பியும் இருந்தன. அம்மம்மா அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கொட்டிலில் தங்கியிருந்த மாதங்களில், மாலைதோறும் பெண்கள் கூடிப் பாடினர். புத்தகம் எவரிடமும் இல்லை. அக்கொப்பி கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. ஆர்மோனியமும் இல்லை. அதனால் சுருதி பெண்களுடையதாயிற்று. அவ்வளவு நன்றாக அவர்கள் பாடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

இன்று எங்கள் தேவாலயத்தில் மின்விசைப் பெட்டியொன்று தாளமும் சேர்த்து வாசிக்கின்றது. இளம் பெண்கள் கைபேசியிற் கேட்டுப் புதுப் பாட்டுக்களைக் கற்கின்றனர். ஒன்பது பேர் கொண்ட குழுவில் இருவர் மாத்திரமே ஆண்கள். பதிவேட்டில் குழுவினரின் பெயர்களை எழுதும் வழக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியிருக்கின்றனர். அதனைக் கண்டபோது மகிழ்ச்சியடைந்தேன். அம்மம்மாவின் குழுவிலிருந்தோரில் எனக்கு நினைவிலுள்ள ஆறு பெயர்களையும் அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். தந்தனர். பின்வரிசையில் இருந்த அப்பெண்மணியின் பெயரை முதலில் எழுதினேன்.

கொப்பி என்னிடம் இருக்கின்றது. மழையில் நனைந்து மை பரவிய தாள்கள் பல. நூற்றுப் பதினேழு கீர்த்தனைகள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் நான்குக்கு மெட்டு எவருக்கும் தெரியாதிருந்தது. கடந்த ஆண்டு, தெல்லிப்பழைக்கு மீண்டு வந்து குடியிருக்கும் வயோதிப ஆச்சி ஒருவரிடம் அக்கொப்பியைக் கொண்டு சென்றேன். கண் தெரியாததால் முதலடிகளை நான் வாசித்துக் காட்டினேன். மூன்றை அவர் பாடினார். நான்காவதற்குத் தலையை அசைத்துவிட்டு, ‘‘இது உங்கட ஊர்ப் பாட்டு, பிள்ளை, நீங்கள்தான் வைச்சிருந்திருக்க வேணும்’’ என்றார். நாதநாமக்கிரியை, ஆதிதாளம் என்று அதன் தலையில் எழுதியிருக்கின்றது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.